செண்பகவடிவின் பின்னால் வந்த கூண்டு

நொச்சிமடைக்குத் தண்ணீர் லாரி வருகிற செவ்வாய்க்கிழமை காலையில், குடங்களை வரிசையில் போட்டுவிட்டு யார் முந்தி யார் பிந்தி என்று நாங்கள் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தார் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் மண் பாதையில் கோர்ட்டுக் குற்றவாளிக் கூண்டு ஒன்று நாலு காலையும் மாற்றி மாற்றி வைத்து நடந்து வந்தது. வந்து, குஞ்சுகளோடு குறுக்கே போன கோழிக்கு நின்று வழிவிட்டு, எங்கள் குட வரிசையை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி, கீழக்கோடி வீடான உலகம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றது. மரம் எப்படி நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு ஒன்று வந்தால் அது யாரைத் தேடி வந்திருக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். உலகம்மாள் மகள் செண்பகவடிவைத் தேடித்தான் வந்திருக்கிறது என்று லாரி நிரம்புவதற்குள் முடிவாகிவிட்டது.

அந்தக் கூண்டை எங்களுக்கு நன்றாகவே தெரியும். நாங்கள் பதினொரு பெண்கள் நாலு வருஷம் அதைப் பார்த்தபடி கோர்ட்டில் நின்றிருக்கிறோம். என் பெயர் பிரம்மசக்தி, ஜாக்கெட் தைக்கிறவள், வழக்கில் நான் ஏழாவது எதிரி. பதினொரு பேர் நிற்க அந்தக் கூண்டில் இடம் கிடையாது என்பதால் முதல் எதிரி மட்டும் உள்ளே நிற்பாள், மற்ற பத்துப் பேரும் சுவரோரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்போம். முதல் எதிரி செண்பகவடிவு. பத்தொன்பது வயதில் உள்ளே ஏறியவள் இருபத்து மூன்று வயதில்தான் இறங்கினாள். அவள் கை பட்டுப் பட்டுக் கம்பியில் ஓரிடம் மட்டும் மினுமினுவென்று இருந்தது, வாசலில் வந்து நின்றபோதும் அந்த இடம் அப்படியேதான் இருந்தது.

வழக்கு என்ன வழக்கு, தண்ணீர் வழக்குதான். இருபத்திரண்டு நாள் குழாயில் காற்றுகூட வராத ஒரு சித்திரையில் பெண்கள் நாங்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தோம், பஸ் ஒன்று எங்களை ஒதுக்கிக்கொண்டு போகப் பார்த்தது, ஒரு எவர்சில்வர் குடம் பறந்தது, பஸ்ஸின் முன் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. போலீஸ் வந்து பேர் கேட்டது. ஊர்த்தலைவர் தவசிக்கனி அண்ணாச்சிக்கு அன்றைக்குப் பார்த்து மூளை வேலை செய்துவிட்டது. "பொம்பளைப் பேரா குடுத்துருவோம். பொம்பளைன்னா போலீஸ் வீடேறி வராது, கோர்ட்டும் எரக்கப்படும்" என்றார். கோவில் வரி பிரிக்கிற மாதிரியே கீழக்கோடியிலிருந்து ஆரம்பித்து, வீட்டுக்கு ஒரு பெண் பேர் என்று பதினொரு வீட்டுக்குப் பதினொரு பேர் எழுதினார்கள். முதல் வீடு உலகம்மாள் வீடு. அந்த வீட்டில் எழுதப்பட்ட பேர் செண்பகவடிவு. அன்றைக்கு அவள் பாளையங்கோட்டையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள், குடமும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது. அதற்குப் பிறகு ஊரே அம்மன் கோவில் முன்னால் கூடி, எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தோம்: எவர் கேட்டாலும் எல்லாரும் இருந்தோம், எறிந்தது யாரென்று எவருக்கும் தெரியாது. எங்கள் ஒற்றுமையை நினைத்து எங்களுக்கே அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

நாலு வருஷம் கழித்து, சந்தேகத்தின் பலனை எங்களுக்குக் கொடுத்து நீதிபதி விடுதலை செய்தார். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கித் தின்றுவிட்டு ஊருக்கு வந்தோம். முடிந்தது என்று நினைத்தோம். அதற்கப்புறம் எங்கள் பத்துப் பேரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் உட்காருகிறவளையும் தீப்பெட்டி ஒட்டுகிறவளையும் எவர் வந்து விசாரிக்கப் போகிறார்? வடிவுதான் படித்தவள். டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலைக்கு விண்ணப்பித்தாள். அவர்கள் கொடுத்த தாளில், உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் இருந்ததுண்டா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கேள்வி. திங்கட்கிழமை சாயங்காலம் முழுக்க அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வந்தாள். விடுதலையாச்சே, இல்லைன்னு போடு என்றார்கள் சிலர். போட்டுட்டு அவங்களே கண்டுபிடிச்சா மறைச்சேன்னு ஆயிரும், ஆமான்னு போடு என்றார்கள் சிலர். என்னிடம் கேட்டபோது நான் இரண்டையும் சொன்னேன். கடைசியில் ஆம் என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில், ஆனால் விடுதலை, ஆனால் நான் அங்கே இல்லை என்று எழுதினாள். மறுநாள் காலையில்தான் கூண்டு வந்தது.

முதல் மூன்று நாள் கோர்ட்டுச் சாமான் என்று யாரும் தொடவில்லை. நாலாம் நாள் உலகம்மாளே ஈரச் சேலையை அதன் கம்பியில் உலர்த்தினாள். அப்புறம் கேட்கவா வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி வடகத் துணியைக் கட்டினாள், அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி ஆட்டைக் கட்டினாள், கூண்டு நகர்ந்தபோது ஆடும் கூடவே டவுனுக்குப் போய்த் திரும்பி வந்தது. நடை பழகுகிற பிள்ளைகளை அதற்குள் இறக்கிவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பத்தே நாளில் நடந்துவிடுகின்றன என்று கண்டுபிடித்து, அயலூரிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. அதற்குள் ஏறி நிற்கிற யாராக இருந்தாலும், ஒருவரும் ஒன்றும் கேட்காமலேயே, "இல்லைங்கய்யா" என்று சொன்னார்கள். தவசிக்கனி அண்ணாச்சி சோதித்துப் பார்க்க ஏறினார், இல்லைங்கய்யா என்றார். லாரி டிரைவர் ஏறினான், இல்லைங்கய்யா என்றான். வாயே திறக்காத பிள்ளைகள் முதல் பேச்சாக அம்மா என்று சொல்லாமல் இல்லைங்கய்யா என்றன. நான்கூட ஏறினேன், ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தது நிஜம், ஆனாலும் என் வாய் இல்லைங்கய்யா என்றுதான் சொன்னது. எங்களுக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

வடிவுக்குத்தான் பழகவில்லை. அவள் தண்ணீர் எடுக்கப் போனால் அதுவும் போகும், டக் டக் என்று, தாய்ப் பசுவுக்குப் பின்னால் போகிற கன்றுக்குட்டி மாதிரி. அவள் பஸ் ஏறினால் அது முன்கால் இரண்டையும் படியில் வைத்து ஏறிவிடும். கண்டக்டர் பழனியாண்டி முதல் நாள் தலையைச் சொறிந்தார். "ஆளுக்கு டிக்கெட் இருக்கு, ஆட்டுக்கு டிக்கெட் இருக்கு. இதுக்கு எதுல போட?" என்று டிரைவரோடு கலந்து பேசி, லக்கேஜ் என்று போட்டார். அதற்கப்புறம் அவள் தலையைக் கண்டாலே ஒரு டிக்கெட்டும் ஒரு லக்கேஜும் தானாகவே கிழிபடும்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவைத் தாண்டி அவள் போனாள், அதுவும் போனது. ஆள் எடுக்கிற பெண் மரியாதைக்காரி, சிரித்துக்கொண்டே கேட்டாளாம்.

"உங்ககூட வந்திருக்கறது என்னங்க?"

"கூண்டு மேடம்."

"நீங்க தண்டனை வாங்குனவங்களா?"

"இல்ல மேடம். விடுதலை."

"அப்ப இது ஏங்க வருது?"

வடிவுக்குப் பதில் தெரியவில்லை, அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, இருவரும் திரும்பிக் கூண்டைப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் தகவல் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை. ஜவுளிக்கடையிலும் அப்படித்தான், பைனான்ஸ் கம்பெனியிலும் அப்படித்தான். ஒரு இடத்தில் வேலைக்கே எடுத்துவிட்டார்கள், பதினாறாம் நாள் வேலைக்கு வந்தவர்களின் பழைய விவரம் விசாரிக்கிற கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது, கூண்டுக்கு உட்கார இடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வக்கீலிடம் போனாள். வக்கீல் சொன்னார், விடுதலையில் இரண்டு ஜாதி இருக்கிறது. நீ செய்யவே இல்லை என்று சொல்லி விடுவது ஒன்று, நீ செய்தாயா என்று தெரியவில்லை என்று சொல்லி விடுவது இன்னொன்று. உனக்குக் கிடைத்தது இரண்டாவது. "நான் அங்க இல்லவே இல்லையே சார்" என்றாள். "அதை அன்னைக்கு நீங்களும் சொல்லல, ஊரும் சொல்லலையேம்மா" என்றார் அவர். சொல்லக் கூடாது என்று நாங்கள்தான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தோம். கோர்ட்டுக்கே போய், உங்கள் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். குமாஸ்தா அவளை உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். அங்கே கூண்டு அதே இடத்தில், அதே மினுமினுப்போடு நின்றிருந்தது. "எங்கது எங்ககிட்ட இருக்கும்மா. ஒங்கிட்ட இருக்கறது எங்களுக்குத் தெரியாது" என்றார். வாசலில் நின்ற கூண்டு உள்ளே நின்ற கூண்டைப் பார்த்ததா என்று நான் கேட்டேன். "பாத்துச்சு அத்தை. ரெண்டும் பேசிக்கல" என்றாள் வடிவு. அன்றைக்கு அவள் என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள், ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. குடத்தை எறிந்தவள் உலகம்மாள். வடிவின் அம்மா. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என் தலைக்கு மேலேதான் குடம் போனது. அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, புருஷன் போன பிறகு அந்த வேலையில்தான் மகளைப் படிக்கவைத்தாள். வழக்கில் பேர் வந்தால் அந்த வேலை போய்விடும். தவசிக்கனி அண்ணாச்சி பேனாவைத் திறந்துகொண்டு முதல் வீட்டு வாசலில் நின்றபோது, என் பேரைப் போடாதீங்க அண்ணாச்சி, என் மக பேரைப் போட்டுக்கோங்க என்று சொன்னவளும் அவள்தான். நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றோம். நெளிந்த குடம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, வடிவு தினமும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறாள், யார் கையில் எப்படி நெளிந்தது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

பஸ் கண்ணாடி உடைந்த ஆறாவது வருஷம் வடிவு அரசாங்கப் பரீட்சை எழுதித் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வானாள். ஊரில் அப்படி ஒரு வேலைக்கு எந்தப் பெண்ணும் போனதில்லை. ஆனால் முப்பது நாளுக்குள் போலீஸ் விசாரணை அறிக்கை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். இருபத்தோராம் நாள் ஏட்டு ஞானதிரவியம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கூண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், அதில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட்டார், தாளை எடுத்தார்.

"அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும், நல்ல பிள்ளைன்னு."

நானும் தவசிக்கனி அண்ணாச்சியும் முந்திக்கொண்டு போட்டோம். நல்ல பிள்ளை என்று சொல்வதில் எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

"சரி. ஆனா நான் கண்ணால பாத்ததை எழுதணும்லா? வாசல்ல கூண்டு நிக்கி. இதை எழுதாம எப்படி இருக்க? எழுதுனா மேல உக்காந்திருக்கவங்க எப்படி வேலை குடுப்பாங்க?" என்றார் ஏட்டு. அவர் கெட்ட மனுஷர் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். பிறகு எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு இந்தப் பிள்ளை ரோட்டுல இருந்துச்சா இல்லையா?"

வடிவு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவள் என் முகத்துக்கு வந்தபோது நான் குனிந்து என் கால் விரலைப் பார்த்தேன். இருந்தாள் என்று சொன்னால் அவள் வேலை போகும். இல்லை என்று சொன்னால், அப்படியானால் அந்த வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும், அணைத்த சூடமும் போகும், உலகம்மாள் வேலையும் போகும், பொய்ப் பேர் கொடுத்த ஊர் மொத்தமும் கூண்டேற வேண்டியிருக்கும். ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்கு முன்னால் நாங்கள் அவ்வளவு பேரும் ஊமையாக நின்றோம், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போது உலகம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஏட்டு வந்த சேதி கேட்டு, மத்தியானச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, சேலையில் சாம்பார் தெறித்த கறையோடு, யாரையும் பார்க்காமல் வந்து, கூண்டின் படியில் காலை வைத்து ஏறி உள்ளே நின்றாள். மினுமினுவென்று இருந்த இடத்தில் கையை வைத்தாள். நாங்கள் அந்தப் பழகிப்போன இல்லைங்கய்யாவுக்காகக் காத்திருந்தோம். அவள் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. உதடு இல்லை என்று கோணிக்கொண்டு போவதை நாங்களே பார்த்தோம். அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தொண்டையிலிருந்து அதைப் பிடுங்கி வெளியே போட்டாள்.

"ஆமாங்கய்யா."

கூண்டு ஆடியது. ஏட்டு பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"ஆமாங்கய்யா. ரோட்டுல இருந்தது நான். கொடத்தை விட்டெறிஞ்சது நான். எம்மவ அன்னைக்கு ஊர்லயே இல்ல. அவ பேரைக் குடுத்ததும் நாந்தான்."

வடிவு உள்ளே ஓடிப் போய் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நெளிவைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை, கத்தவுமில்லை, ரொம்பச் சின்னக் குரலில்தான் கேட்டாள்.

"ஏம்மா என் பேரு?"

"எம் பேரைக் குடுத்தா வேலை போயிருமேன்னு பயந்துட்டேன்ளா" என்றாள் உலகம்மாள். "ஒனக்குத்தான் அப்ப வேலையே இல்லையே."

அதைச் சொன்னபோது தான் சொன்னது தவறு என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, ஆறு வருஷமும் அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் அவள் தூங்கியிருக்கிறாள். மகள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கூண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்படி ஒரு விஷயத்தை எழுதத் தாளில் இடமே இல்லை என்றார் ஏட்டு. பின்பக்கத்தில் எழுதினார், இடம் போதாமல் இன்னொரு தாள் வாங்கி எழுதினார், அதற்குக் கீழே உலகம்மாள் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் நானும் போட்டேன், என் பின்னால் மற்ற ஒன்பது பேரும் போட்டார்கள், தவசிக்கனி அண்ணாச்சி கடைசியாகப் போட்டார். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போனது, எவர் எதைப் படித்தார், எவருக்கு என்ன விளங்கியது என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. இருபத்தெட்டாம் நாள் உலகம்மாளை வேலையிலிருந்து நிறுத்தி ஒரு தாள் வந்தது. இருபத்தொன்பதாம் நாள் வடிவை வந்து சேரச் சொல்லி ஒரு தாள் வந்தது. இரண்டையும் ஒரே தபால்காரர்தான் கொண்டுவந்தார், ஒன்றுக்கு வருத்தப்பட்டார், இன்னொன்றுக்கு மிட்டாய் கேட்டார்.

முப்பதாம் நாள் காலையில் வடிவு பஸ்ஸுக்கு நின்றாள். அம்மாவோடு பேசி ஒன்பது நாளாகியிருந்தது. உலகம்மாள் பத்தடி தள்ளி, கையில் தூக்குச்சட்டியோடு நின்றாள். கூண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று வைத்துக்கொண்டிருந்தது. பஸ் வந்தது. வடிவு ஏறினாள். பழக்க தோஷத்தில் அதுவும் ஓடிப் போய் முன்கால் இரண்டையும் படியில் வைத்தது, கண்டக்டர் பழனியாண்டியும் பழக்க தோஷத்தில் ஒரு டிக்கெட்டும் ஒரு லக்கேஜும் கிழிக்கப் போனார்.

உலகம்மாள் எட்டிக் கம்பியைப் பிடித்தாள். கயிறில்லாத மாட்டைக் கொம்பில் பிடித்து நிறுத்துகிற மாதிரி பிடித்து இழுத்தாள்.

"நீ எங்க போற? அவ போகட்டும். இங்க வா."

அது இறங்கியது. ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியை நீட்டினாள். வடிவு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள், பிறகு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு டிக்கெட் போதும் அண்ணே" என்று சொன்னாள், சொன்ன கையோடு கேவிக் கேவி அழ ஆரம்பித்துவிட்டாள். அரசாங்க வேலைக்குப் போகிற பிள்ளை எதற்கு இப்படி அழுகிறது என்று பழனியாண்டிக்குப் புரியவில்லை, ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசிலடித்தார்.

பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் உலகம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஊரைப் பார்த்து நடந்தாள், கூண்டு அவள் பின்னால் டக் டக் என்று வந்தது. நானும் கூடவே நடந்தேன். "இதை வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீய மதினி?" என்று கேட்டேன்.

"வந்துட்டுப் போகட்டும் சக்தி" என்றாள் அவள். "எனக்குத்தான் இப்ப வேலையே இல்லையே."